பத்து டொலர் தாளும் பள்ளிக்கூட முற்றத்துப் பள்ளமும்

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிற கேள்வி இது. மகன் நாலாம் வகுப்பு. பெப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதத்துக்குப் பெற்றோர் கைகொடுக்க வேண்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. போன வருடம் மார்ட்டின் லூதர் கிங் படத்தை ஒட்டி, மேசையில் சாப்பாடு வைத்து, பாட்டுப் போட்டு முடித்துவிட்டார்களாம். "இந்த முறையாவது உருப்படியாக ஏதும் செய்யலாமா அக்கா? ஜனவரியில் எங்கள் தமிழ் மரபுத் திங்கள் என்றால் ஓடி ஓடிச் செய்கிறோம். இது அவர்களுடைய விஷயம், நாங்கள் தலையிடுவது சரியா?"

சரிதான் தங்கச்சி, தாராளமாகச் செய்யலாம். இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் பெற்றோர் சபையில் இருந்த காலம் முழுக்க அதைத்தான் எங்கள் ஆட்கள் என்னிடம் கேட்டார்கள்.

டொனால்ட் மூர் என்று ஒருவர் இருந்தார். பார்படோஸில் பிறந்து, ரொறன்ரோவில் சலவைக் கடை நடத்தியவர். 1954 ஏப்ரல் 27 அன்று தன் சங்கத்து ஆட்களையும் தொழிற்சங்கக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி ஒட்டாவா போனார். குடிவரவு அமைச்சரிடம் ஒரு மனுவைக் கொடுத்தார். அன்றைய சட்டப்படி 'பிரித்தானியக் குடிமக்கள்' என்றால் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆட்கள்தான் கணக்கு. அதே அரசியின் கீழே இருந்த மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். அப்படி வெளியே விடப்பட்ட இடங்களை அந்த மனு பெயர் சொல்லியே எழுதியிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளோடு இந்தியாவும் இலங்கையும் அதில் இருந்தன. எங்கள் சங்கங்களும் கோயில்களும் இந்த நகரத்தில் தலைகாட்டாத காலம் அது. 1962இல் குடிவரவு விதிகளிலிருந்து இனப் பாகுபாட்டைப் பெரும்பாலும் எடுத்தார்கள். 1967இல் படிப்பையும் தொழிலையும் பார்த்துப் புள்ளி போட்டு ஆளெடுக்கும் முறை வந்தது. 83க்குப் பிறகு வந்த எங்களில் பலர் அகதி வாசலால் வந்தவர்கள், அது உண்மை. ஆனால் நிறம் பார்த்துக் கதவடைக்கிற வழக்கத்தை உடைக்கக் கை வைத்தவர்களில் அந்தச் சலவைக் கடைக்காரரும் ஒருவர். ஆகவே 'அவர்களுடைய விஷயம்' என்று ஒதுங்கி நிற்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்த மனுக் கொடுத்த அடுத்த வருடம், 1955இல், கரீபியப் பெண்களை வீட்டு வேலைக்கு எடுக்கும் ஒரு திட்டத்தைக் கனடா தொடங்கியது. அந்தத் திட்டத்தில் 1960இல் கிரெனடாவிலிருந்து வந்து இறங்கியவர் ஜீன் ஒகஸ்டின். வீட்டு வேலை செய்தார், படித்து ஆசிரியையானார், அதிபரானார், 1993இல் பாராளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினப் பெண்ணானார். பெப்ரவரியைக் கறுப்பின வரலாற்று மாதமாக நாடு முழுவதற்கும் அறிவிக்கும் தீர்மானத்தை 1995 டிசம்பரில் கொண்டுவந்தவர் அவர்தான். எல்லாக் கட்சியும் ஒருமனதாக ஆதரித்தது. எங்கள் மரபுத் திங்கள் தீர்மானம் அதே சபையில் 2016இல் நிறைவேறியது. வருடங்களைப் பாருங்கள், யார் முன்னால் நடந்தார்கள் என்று தெரியும்.

ரொறன்ரோ இதில் நாட்டுக்கே முந்தி. ஒன்ராறியோ கறுப்பின வரலாற்றுச் சங்கம் 1978இல் தொடங்கியது; அவர்கள் கேட்டு 1979இல் நகரசபை இந்த மாதத்தை அங்கீகரித்தது. ஏன் பெப்ரவரி என்றால், அது அமெரிக்காவிலிருந்து வந்த கணக்கு. கார்ட்டர் வூட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926இல் ஒரு வாரமாக ஆரம்பித்தார். ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாளும் அடிமையாக இருந்து தப்பிய பிரெடெரிக் டக்ளஸின் பிறந்தநாளும் விழுகிற வாரம். குளிர்கால மாதத்தைத்தான் கொடுத்தார்கள், அதுவும் ஆகக் குறைந்த நாட்கள் உள்ள மாதத்தை, என்று கறுப்பின நண்பர்கள் பகிடி விடுவார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான்.

இனி உங்கள் முதல் கேள்வி. கிங் படம் ஒட்டுவதில் பிழையில்லை. ஆனால் பிள்ளைகள் அதிலிருந்து எடுத்துக்கொள்வது, 'இதெல்லாம் அமெரிக்காவில் நடந்தது, இங்கே எல்லோரும் நல்லவர்கள்' என்பதைத்தான். பத்து வருடம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதனால் நான் எப்போதும் சொல்வது: மண்ணிலிருந்து தொடங்குங்கள். பிள்ளை பஸ்ஸில் போகிற தெரு, கையில் பிடிக்கிற காசு, விளையாடுகிற முற்றம்.

முற்றம் என்றதும் ஒரு கதை சொல்ல வேண்டும், இந்த நகரத்தில் எனக்கு மிகப் பிடித்த கதை. 1985இல் நகரத்தின் கிழக்குப் பக்கம் சாக்வில் தெருவில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் முற்றத்தைத் தோண்டினார்கள். தோண்டச் சொன்னது பள்ளிச் சபையின் தொல்லியல் மையம். தோண்டியவர்களில் ஆயிரக்கணக்கானோர் பள்ளிப் பிள்ளைகள். கையில் சின்னக் கரண்டியும் தூரிகையுமாக வரிசையில் நின்று, மண்ணைச் சலித்துச் சலித்து ஒரு வீட்டின் அடித்தளத்தையும் குதிரைக் கொட்டிலையும் வெளியே கொண்டுவந்தார்கள். அது தோர்ன்டன், லூசி பிளாக்பர்ன் என்ற தம்பதியின் வீடு.

இருவரும் கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். 1831இல் தப்பி டிட்ராய்ட் போனார்கள். இரண்டு வருடம் கழித்து அடிமைபிடிகாரர்கள் மோப்பம் பிடித்து வந்து இருவரையும் சிறையில் போட்டார்கள். அப்போது லூசியைச் சிறையில் பார்க்க வந்த ஒரு பெண், உள்ளேயே அவரோடு உடுப்பை மாற்றிக்கொண்டார். வந்தவர் உள்ளே இருந்துவிட, லூசி வந்தவருடைய உடுப்போடு வெளியே நடந்து போய் ஆற்றைக் கடந்து கனடாவுக்கு வந்துவிட்டார். மறுநாள் ஊர்ச் சனம் திரண்டு தோர்ன்டனையும் மீட்டது. அமெரிக்கா திருப்பிக் கேட்டது, இங்கிருந்த ஆட்சி கொடுக்க மறுத்துவிட்டது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த உடுப்பு மாற்றின இடத்தைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பு மூச்சு விடாது.

ரொறன்ரோ வந்த தோர்ன்டன் முதலில் பரிசாரகர் வேலை செய்தார். பிறகு 1837 வாக்கில் ஒரு குதிரை, நாலு பேர் இருக்கிற ஒரு வண்டி, சிவப்பும் மஞ்சளும் பூசி ஓட்டத் தொடங்கினார். இந்த நகரத்தின் முதல் வாடகை வண்டி அதுதான். எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இங்கே டாக்சி ஓட்டிப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள்! அந்தத் தொழிலை இந்த ஊரில் தொடக்கி வைத்தவர் அடிமைத்தளையிலிருந்து ஓடிவந்த ஒரு மனிதர் என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இருவருக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. ஒரு கடிதமோ படமோ விட்டுப்போகவில்லை. அந்தப் பள்ளத்தைத் தோண்டும் வரை அவர்களுடைய கதையை முழுதாகச் சொல்ல ஆளில்லை. அகழ்வை நடத்திய கரோலின் ஸ்மார்ட்ஸ் ஃப்ரொஸ்ட் அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் பதிவேடுகளைத் துருவி அவர்களுடைய வாழ்க்கையை எழுதினார். 1999இல் நாடு அவர்களைத் தேசிய வரலாற்று முக்கியத்துவம் உள்ளவர்களாக அறிவித்தது. உங்கள் பள்ளி முற்றத்தைத் தோண்ட அதிபர் விடமாட்டார், பெப்ரவரி உறைபனியில் கடப்பாரைகூட இறங்காது. ஆனால் சாக்வில் தெருவுக்கு ஒரு வகுப்பைக் கூட்டிக்கொண்டு போகலாம். முடியாவிட்டால் ஒரு பெட்டியில் மண் நிரப்பி, உடைந்த பீங்கான், பொத்தான், குதிரை லாடம் போட்டு, 'இந்த வீட்டில் இருந்தவர் யார், கண்டுபிடியுங்கள்' என்று விடலாம். எழுத்தே விடாத ஒருவரின் வாழ்க்கையை எப்படி அறிவது என்ற கேள்வி பிள்ளைகளின் கைக்கு வந்துவிடும்.

உங்கள் மகனின் வகுப்புக்கு என்று கேட்டால் நான் முதலில் எடுப்பது பத்து டொலர் தாளை. 2018 நவம்பரில் புழக்கத்துக்கு வந்தது, மற்றத் தாள்களைப் போலப் படுத்திருக்காமல் நிமிர்ந்து நிற்கும் தாள். அதில் இருப்பவர் வயோலா டெஸ்மண்ட். ஐந்து பிள்ளைக்கு ஒரு தாளும், முடிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொடுத்து, "என்னென்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். முகத்துக்குப் பின்னால் மெல்லிய கோடுகளாக ஒரு வரைபடம் இருப்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். அது ஹலிபாக்ஸ் நகரத்தின் வடக்குப் பகுதி, அவருடைய அழகு நிலையம் இருந்த தெருவோடு சேர்த்து. தாளைத் திருப்பினால் மனித உரிமை அருங்காட்சியகமும் ஒரு கழுகு இறகும்.

அப்புறம் கதை. 1946 நவம்பர் 8. வியாபார வேலையாகப் போன வயோலாவின் கார் நியூ கிளாஸ்கோ என்ற சிறு நகரத்தில் பழுதாகிவிட்டது. திருத்தி முடியும் வரை படம் பார்க்கலாம் என்று தியேட்டருக்குப் போனார். கீழ்த்தளத்துக்கு டிக்கெட் கேட்டார், மேல்மாடி டிக்கெட்டைக் கொடுத்தார்கள். கவனிக்காமல் கீழே போய் இருந்தார். எழும்பச் சொன்னபோது, கிட்டத்தில் இருந்தால்தான் எனக்குக் கண் தெரியும், மிச்சக் காசைத் தருகிறேன் என்றார். உங்கள் ஆட்களுக்குக் கீழ்த்தள டிக்கெட் விற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பொலிஸ் வந்து இழுத்துக்கொண்டு போனது. இரவு முழுவதும் சிறையில், கையுறையைக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் நீதிமன்றத்தில் குற்றம் என்ன? இரண்டு டிக்கெட்டுக்கும் இடையில் உள்ள வரி வித்தியாசத்தைக் கட்டவில்லை. வித்தியாசம் ஒரு சதம். நிறம் என்ற சொல்லே வழக்கில் இல்லை. 20 டொலர் அபராதம், 6 டொலர் செலவு.

இந்த இடத்தில் கணக்கு வைக்கலாம்: ஒரு சதத்துக்கு 26 டொலர் என்றால் எத்தனை மடங்கு? பிள்ளைகள் 2,600 என்று கண்டுபிடித்ததும் வகுப்பில் ஒரு சத்தம் எழும்பும், அதைக் கேட்க வேண்டும். ஒரு சின்ன ஆலோசனை. கனடா ஒரு சத நாணயத்தை 2013இல் விநியோகிப்பதை நிறுத்திவிட்டது, உங்கள் மகனின் வயதுப் பிள்ளைகள் அதைக் கையில் பிடித்திருக்க மாட்டார்கள். என் சமையலறை இழுப்பறையில் கிடந்த ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரிசையாகக் கைமாறிப் போனது. "இதுக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டது, வேறொன்றும் சொல்லவில்லை.

2010இல் நோவா ஸ்கோஷியா அரசு மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது. அவர் இறந்து 45 வருடம் ஆகியிருந்தது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் மேயான் பிரான்சிஸும் ஒரு கறுப்பினப் பெண். தங்கை வாண்டா ராப்சன் விடாமல் கதவைத் தட்டியதால்தான் இவ்வளவும் நடந்தது.

சரி, பிள்ளைகள் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள்: கனடாவில் அடிமைகள் இருந்தார்களா? பெரியவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள், 'ஓடி வந்தவர்களைக் காப்பாற்றிய நாடு' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் பாதி. இருநூறு வருடத்துக்கு மேல் இங்கேயும் அடிமைமுறை இருந்தது. ரொறன்ரோ நடுநகரில் பீட்டர் தெரு இருக்கிறதல்லவா? அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த பீட்டர் ரசல், இங்கே ஆட்சி நடத்திய பெரிய அதிகாரி, 1806 பெப்ரவரியில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டார்: பெகி என்ற 40 வயதுப் பெண் 150 டொலர், அவளுடைய 15 வயது மகன் ஜூபிட்டர் 200 டொலர். 1793 சட்டம் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத்தான் தடுத்தது, இருந்தவர்களை விடவில்லை. முழு விடுதலை வந்தது 1834 ஆகஸ்ட் 1. அந்த நாளை விடுதலை நாளாகப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது 2021இல்தான். நாலாம் வகுப்புக்கு விளம்பரத்தின் விலைப் பட்டியல் வேண்டாம். 'ஆம், இருந்தார்கள், இந்த ஊரிலேயே இருந்தார்கள்' என்று நேராகச் சொன்னால் போதும். ஏழாம், எட்டாம் வகுப்புக்கு விளம்பரத்தையே காட்டலாம்.

செய்யக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடிமை ஏலம், தப்பியோட்டம் என்று பிள்ளைகளை வைத்து நடிக்கச் சொல்லும் யோசனை யாராவது கொண்டுவருவார்கள், நல்ல மனதோடுதான். ஒத்துக்கொள்ளாதீர்கள். 83 ஜூலையை வகுப்பில் நடித்துக் காட்டச் சொல்லி, எங்கள் பிள்ளையை அடிவாங்கும் ஆளாக நிறுத்தினால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

சாப்பாட்டு மேசைக்கு வருவோம். அதை நான் கேலி செய்யத் தகுதியில்லாதவள். ஒரு வருடம் நானும் இன்னும் இரண்டு தாய்மாரும் சேர்ந்து ஜேர்க் கோழியும் பொரித்த வாழைப்பழமும் எடுப்பித்து, மேலே கொட்டை எழுத்தில் 'ஆபிரிக்க உணவு' என்று எழுதி ஒட்டிவிட்டோம். ஒரு ஜமேக்கா அம்மா வந்து பார்த்தார். சிரித்தார். "நல்லாயிருக்கு, ஆனா இது எங்க வீட்டுச் சாப்பாடு, ஆபிரிக்கா எங்கேயிருந்து வந்தது?" என்றார். பக்கத்தில் நின்ற கானா நாட்டுத் தந்தை, "எங்களுடையதைக் காணோமே" என்றார். அப்பத்தையும் சம்பலையும் வைத்துவிட்டு யாராவது 'இந்திய உணவு' என்று பலகை போட்டால் நாங்கள் விடுவோமா? அன்று எங்கள் முகம் போன போக்கு! அந்தப் பள்ளியில் சோமாலியா, கானா, ஜமேக்கா, டிரினிடாட் என்று எத்தனையோ வீடுகள் இருந்தன, நாங்கள் ஒரு வீட்டையும் கேட்கவில்லை. ஆகவே கடிதத்துக்குப் பதில் எழுதுமுன் அந்தப் பெற்றோரில் இரண்டு பேரிடமாவது, 'நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள், நாங்கள் என்ன தூக்கிப் பிடிக்கலாம்?' என்று கேளுங்கள். சிலர் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். ஒவ்வொரு பெப்ரவரியும் தங்களை மேடையேற்றுவது சிலருக்கு அலுத்துவிட்டது. அதையும் விட்டுவிடுங்கள். எங்கள் வேலை கதிரை அடுக்குவதும் பஸ்ஸுக்குக் காசு சேர்ப்பதும் என்றால் அதுவும் வேலைதான்.

நூலகத்தை மறக்காதீர்கள். மால்வேர்ன் கிளைக்கு எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் போய் வருகிறார்கள், அங்கேயே ரீட்டா காக்ஸ் பெயரில் கறுப்பின, கரீபிய நூல் தொகுப்பு இருக்கிறது. டிரினிடாட்டிலிருந்து வந்து, பார்க்டேல் நூலகத்தில் வேலை பார்த்த கதைசொல்லி அவர், 1973இல் அதைத் தொடக்கினார். பிள்ளைகளுக்கு அனன்சி என்ற சிலந்தியின் கதைகளை எடுத்துக் கொடுங்கள். கானாவில் பிறந்து கப்பலில் கரீபியன் வந்த தந்திரக்காரச் சிலந்தி. எங்கள் தெனாலிராமனைத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடும். உங்கள் பள்ளியில் ஸ்டீல்பான் இருந்தால், ரொறன்ரோவில் பல பள்ளிகளில் இருக்கிறது, பாட்டுப்பெட்டியை நிறுத்திவிட்டு அதை வாசிக்க விடுங்கள். எண்ணெய்ப் பீப்பாயின் மூடியைத் தட்டித் தட்டிக் குழித்துச் சுரம் எடுத்த வாத்தியம் என்று சொன்னால் தலையை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள்.

வீட்டுப் பக்கமும் ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் புழங்கும் 'கறுவல்', 'காப்பிலி' என்ற சொற்கள். பகையில்லாமல்தான் சொல்கிறோம் என்போம். பிள்ளை அதே தொனியைப் பள்ளிக்குக் கொண்டுபோகும். அதிலும் 'காப்பிலி' நாங்கள் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த சொல். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் இன்றும் புத்தளத்துப் பக்கம் சிரம்பியடியில் இருக்கிறார்கள், மஞ்சா என்ற பாட்டைப் பாடிக்கொண்டு. நான் இதைப் பிள்ளைகளிடமிருந்து கேட்டுத்தான் தேடிப் படித்தேன். ஊரில் இருந்த வரை புத்தளத்தைத் தாண்டி எத்தனை தடவை கொழும்பு போயிருப்பேன்!

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, பனி கரைந்த பிறகு, பக்ஸ்டனுக்கு ஒரு பஸ் போடலாம். சத்தாம் பக்கம், மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாத பயணம். 1849இல் தப்பி வந்தவர்கள் 50 ஏக்கர் காணியை ஏக்கர் 2.50 டொலர் வீதம் தவணையில் வாங்கி உண்டாக்கிய ஊர். வீடு தெருவிலிருந்து 33 அடி தள்ளி இருக்க வேண்டும், முன்னால் பூந்தோட்டம் வேண்டும் என்று விதியே வைத்திருந்தார்கள். அவர்களுடைய பள்ளிக்கூடம் அவ்வளவு நன்றாக நடந்ததால் அயலில் இருந்த வெள்ளையர் தங்கள் பிள்ளைகளையும் அங்கே அனுப்பினார்கள். 1861இல் கட்டிய பள்ளிக் கட்டிடம் இன்னும் நிற்கிறது. அதே மாகாணத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கிய கடைசிப் பள்ளி 1965 வரை மூடப்படவில்லை என்பதையும் அந்த பஸ்ஸில் வைத்தே சொல்லிவிடலாம். பாடப்புத்தகம் இதைச் சொல்லித் தரும் என்று காத்திருக்க வேண்டாம். 2021இல் ஒன்ராறியோ கறுப்பின வரலாற்றுச் சங்கம் ஒரு எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் கறுப்பினத்தவரைப் பற்றி இல்லாத எல்லாவற்றையும் கறுப்பு மையால் அழித்துக் காட்டியது. 255 பக்கத்தில் மிஞ்சியது 13.

உங்கள் மகனுக்கு இந்த வருடம் பத்து டொலர் தாள் போதும், பக்ஸ்டன் பிறகு பார்க்கலாம். ஆசிரியையிடம் ஒரு மணித்தியாலம் கேளுங்கள், வங்கியில் புதுத் தாளாக ஐந்தாறு வாங்கிக்கொண்டு போங்கள், ஐந்து பிள்ளைக்கு ஒன்று காணும். பாடம் முடிந்ததும் எண்ணித் திருப்பி வாங்குங்கள். நான் போன முதல் தடவை ஒன்று குறைந்தது, இன்றுவரை கிடைக்கவில்லை.